இன்னும் வளர்வேனா? ஒரு குழந்தை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மகளுக்கு 13 வயது. நான்கு மாதம் முன்பு பெரியவளானாள். இனி வளரவே மாட்டாள் என்கிறார் என் மாமியார். உண்மையா டாக்டர்?

இல்லை அம்மா. வேகமாக வளரும் காலம் முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். பூப்படைந்த பிறகும் பெரும்பாலான பெண்கள் 5 முதல் 7 செ.மீ. வரை வளர்கிறார்கள். அவள் காதுபட யாரும் இப்படிப் பேச விடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 17 வயது. வளர்ச்சி நின்றுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தம்பி, முதலில் வீட்டுச் சுவரைக் கேளுங்கள். செருப்பில்லாமல் குதிகால் சுவரில் படும்படி நின்று, தலைமேல் தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். மாலைக்குள் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அழுந்தி ஒரு செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். ஒரு வருடத்தில் ஒரு செ.மீ. கூட ஏறவில்லை என்றால் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்போம். வளரும் பிள்ளையின் படத்தில் எலும்பின் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரியும். அது குருத்தெலும்பு, எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ச்சி முடிந்தவரிடம் அந்தக் கோடு மூடி, மெல்லிய வெள்ளைத் தழும்பு மட்டும் இருக்கும். எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று இந்தப் படத்தைப் பார்த்துக் கணிப்பதுதான் எலும்பு வயது. பிறந்த தேதியை விட அதையே நான் நம்புவேன். தாமதமாகப் பருவமடையும் பையனுக்கு 17 வயதில் எலும்பு வயது 15 என்று வருவதுண்டு. அவனுக்கு இன்னும் இடமிருக்கிறது.

கேள்வி: ஒரு வருடமாக ஷூ அளவு மாறவில்லை. நின்றுவிட்டதா?

அதை வைத்துச் சொல்ல முடியாது. பாதம் முந்தி நின்றுவிடும். முதுகெலும்பு கடைசியில்தான் நிற்கும்.

கேள்வி: வயது 22. உயரம் கூட்டும் பவுடர், கம்பியில் தொங்குவது?

தயவுசெய்து பணத்தைக் கொட்டாதீர்கள். மூடிய எலும்பை எந்தப் பவுடரும் திறக்காது. தொங்கினால் தோளுக்கு வலு வரும், உயரம் வராது. வளர்ச்சி ஹார்மோன் ஊசியையும் நினைக்காதீர்கள். இந்த வயதில் அது அளவு மீறினால் தாடையும் கைகால்களும்தான் தடிக்கும்.

கேள்வி: மகனுக்கு 8 வயது. ஒரு வருடத்தில் 3 செ.மீ. மட்டுமே வளர்ந்திருக்கிறான். பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம். இந்த வயதில் வருடத்துக்கு 5 செ.மீ. அளவாவது ஏற வேண்டும். தைராய்டு குறைபாடு போன்ற, மருந்தால் சரியாகும் காரணமாகவும் இருக்கலாம். குறித்துவைத்த அளவுகளோடு இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.