ஆப்பிரிக்காவுல ப்ரைவேட் கேம் ரிசர்வ்ல, அதாவது தனியார் வனவிலங்கு காப்பகத்துல, போட்டோகிராபி சஃபாரி போறது குடுக்கிற காசுக்கு தகுமா? தென்னாப்பிரிக்காவோட க்ரூகர் தேசியப் பூங்காவுல சொந்தமா கார் ஓட்டிட்டு போனா போதாதா?

ஜோகன்னஸ்பர்க்ல வேலை பாத்துட்டிருந்த காலத்துல க்ரூகருக்கு நானே கார் எடுத்துட்டும் போயிருக்கேன், அதுக்கு மேற்கால ஒட்டியே இருக்கிற சாபி சாண்ட் ப்ரைவேட் ரிசர்வ்லயும் தங்கியிருக்கேன், அதனால இந்த ரெண்டையும் வச்சே பதில் சொல்றேன்.

நேரா விஷயத்துக்கு வரேன். உங்களுக்கு சிறுத்தை போட்டோ வேணும்னா காசு தகும். பறவை, யானை, நீர்யானை, ஆத்தங்கரை, லேண்ட்ஸ்கேப் இதெல்லாம்தான் பிடிக்கும்னா க்ரூகரே போதும், சொல்லப்போனா சில விஷயத்துல க்ரூகர்தான் பெட்டர்.

ஏன்னு சொல்றேன். நிறைய பேர் ப்ரைவேட் ரிசர்வ்னா அங்க மிருகம் ஜாஸ்தி இருக்கும், ஏதோ வேலி போட்டு அடைச்சு வச்சிருப்பாங்கன்னு நினைக்கிறாங்க. சாபி சாண்டுக்கும் க்ரூகருக்கும் நடுவுல இருந்த வேலிய 1993லயே எடுத்துட்டாங்க, காலைல க்ரூகர்ல இருக்கிற சிங்கம் சாயந்தரம் இந்தப் பக்கம் வந்து படுத்திருக்கும், அதுக்கு எந்த டிக்கெட்டும் வேண்டாம். சாபி சாண்ட் சுமார் 65,000 ஹெக்டேர், க்ரூகர் கிட்டத்தட்ட 20 லட்சம் ஹெக்டேர், அப்போ நீங்க எதுக்கு காசு குடுக்கறீங்கன்னா வண்டிய ரோட்ட விட்டு இறக்குறதுக்கும், மிருகத்து பக்கத்துல உக்காந்து காத்திருக்கிறதுக்கும்தான். க்ரூகர்ல தார் ரோட்டுல 50, மண் ரோட்டுல 40 கிலோமீட்டர் ஸ்பீடு, ரோட்ட விட்டு இறங்கக் கூடாது, அனுமதிச்ச இடம் தவிர வண்டிய விட்டும் இறங்கக் கூடாது, சாயந்தரம் கேட் மூடுறதுக்குள்ள கேம்ப்புக்குள்ள இருக்கணும். அந்த கேட் மூடுற நேரம்தான் நல்ல லைட்டும் சிறுத்தை எந்திரிச்சு நடக்கிற நேரமும். ரோட்டுல இருந்து அறுபது மீட்டர் தள்ளி புதருக்குள்ள சிறுத்தை படுத்திருக்கும், முன்னாடி இருபது கார் நிக்கும், உங்களுக்கு ஒரு காதும் வால் நுனியும் தெரியும், அத 600 எம்எம் லென்ஸ்ல எடுத்து வீட்டுக்கு வந்து க்ராப் பண்ணி "இதோ பாருங்க சிறுத்தை"ன்னு அம்புக்குறி போட்டு காட்டணும்.

ப்ரைவேட்ல கதை வேற. வண்டிக்கு கூரை கிடையாது, கதவு கண்ணாடி கிடையாது, பானெட்டுக்கு முன்னாடி இடது பக்கம் ஒரு சின்ன சீட்டு வெல்டு பண்ணியிருப்பாங்க, அதுல ட்ராக்கர், அதாவது தடம் பாத்து மிருகத்த தேடுறவர், உக்காந்திருப்பார். பெரும்பாலும் அந்தப் பகுதி ஷாங்கான் இன ஆளுங்க. நான் காசு குடுத்ததுக்கு முக்கால்வாசி அந்த மனுஷனுக்காகத்தான்னு சொல்வேன். வண்டி போற வேகத்துல மண்ணுல கால்தடத்த பாத்து கைய தூக்குவார், வண்டி நிக்கும், இறங்கிப் பாப்பார், காலைல நாம முதல் தடவ போன டயர் தடத்துக்கு மேல பாதம் விழுந்திருந்தா இப்போதான் போயிருக்கு, டயர் தடம் அது மேல ஏறியிருந்தா அதுக்கு முன்னாடியே போயிடுச்சு, இப்படித்தான் கணக்கு போடுவாங்க. அப்புறம் இம்பாலா மான் சீறுற சத்தம், அணில் கத்துற சத்தம் எல்லாம் சேர்த்துப் பாத்து அவரும் வண்டி ஓட்டுற கைடும் சில சமயம் நடந்தே போயிடுவாங்க, நீங்க வண்டியிலயே உக்காந்திருக்கணும். கண்டுபிடிச்சதும் கைடு வண்டிய முள்ளுப்புதருக்குள்ள விட்டு சிறுத்தை எந்தப் பக்கம் நடக்கப் போகுதோ அதுக்கு முன்னாடி போய் நிறுத்துவார். அது நேரா உங்கள பாத்து நடந்து வரும். ரோட்டுல நின்னு இந்த ஆங்கிள் கிடைக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

சிறுத்தை ஏன் இவ்ளோ கிட்ட விடுதுன்னா பல தலைமுறையா வண்டிய பாத்தே வளந்த மிருகங்க அதுங்க. சாபி சாண்டுக்குள்ள இருக்கிற லோண்டோலோசி லாட்ஜ் பக்கம் 1979ல இருந்தே ஒரு தாய் சிறுத்தைய விடாம பின்தொடர ஆரம்பிச்சாங்க, அதோட வாரிசு வரிசைய இன்னிக்கு வரைக்கும் எழுதி வச்சிருக்காங்க. மீசை வரிசைக்கு மேல இருக்கிற புள்ளிய எண்ணி எது யாரு பொண்ணுன்னு கைடு சொல்லிடுவார். உலகத்துலயே சிறுத்தை நெருக்கமா வாழ்ற இடங்கள்ல இது ஒண்ணு.

இப்போ லாட்ஜ் புக் பண்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி. ரூம்ல குளிக்கிற தொட்டி எங்க இருக்கு, நீச்சல் குளம் எவ்ளோ பெருசு இதெல்லாம் விடுங்க, உங்க வண்டிங்க எவ்ளோ நிலத்துல ஓட்டலாம்னு கேளுங்க. சாபி சாண்ட் ஒரே முதலாளியோட காடு கிடையாது, பல நில உரிமையாளர்கள் 1948ல சேர்ந்து உருவாக்குன சங்கம், ஒவ்வொரு லாட்ஜுக்கும் தன் நிலத்துலயும் பக்கத்து ஆளோட ஒப்பந்தம் போட்ட நிலத்துலயும் மட்டும்தான் ஓட்ட உரிமை. சிறுத்தை எல்லைக்கோட்ட தாண்டிட்டா உங்க வண்டி அங்கயே நிக்கும், அது மரத்துல ஏறுறத தூரத்துல இருந்து பைனாகுலர்ல பாக்கலாம். சின்ன நிலம் வச்சிருக்கிற லாட்ஜ்ல இது அடிக்கடி நடக்கும். மாலாமாலா மாதிரி 13,000 ஹெக்டேர் பக்கம் ஒரே துண்டா இருக்கிற இடத்துல அந்தக் கவலை கம்மி. ஒரு கூடுதல் தகவல், மாலாமாலா நிலத்த 2013ல தென்னாப்பிரிக்க அரசு சுமார் 100 கோடி ராண்டு குடுத்து வாங்கி, முன்னாடி அங்கிருந்து வெளியேத்தப்பட்ட மக்களோட வாரிசுங்க கைல குடுத்துச்சு, அதனால ப்ரைவேட்னா எல்லாமே பணக்காரர் எஸ்டேட்னு நினைச்சுக்காதீங்க.

அடுத்தது வண்டில கூட யார் வராங்க. இது லென்ஸ விட முக்கியம், ஆனா யாரும் பேச மாட்டாங்க. உங்களுக்கு ஒரே சிறுத்தையோட ரெண்டு மணி நேரம் உக்காரணும், பின் சீட்டுல இருக்கிறவருக்கு சிங்கம், யானை, எருமை, காண்டாமிருகம்னு லிஸ்ட்ல டிக் அடிச்சுட்டு காபி குடிக்க போகணும். ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, ரெண்டு பேரும் காசு குடுத்துதான் வந்திருக்காங்க. அதனால போட்டோகிராபருங்களுக்குன்னு தனியா நடத்துற க்ரூப்ல போனா ஒரு வரிசைக்கு ஒரு ஆளுன்னு உக்கார வைப்பாங்க, சில வண்டில கேமரா மாட்ட சுத்துற ஸ்டாண்டே இருக்கும். தனி வண்டி எடுக்கலாம், விலைய கேட்டா தலை சுத்தும். இது ரெண்டும் முடியலன்னா டிரைவருக்கு நேர் பின் வரிசைய கேட்டு வாங்கிக்குங்க. பின்னாடி போகப் போக சீட்டு உயரமாயிட்டே போகும், மிருகத்த மேல இருந்து கீழ பாத்து எடுத்த மாதிரி வரும், கண்ணுக்கு நேரா வராது.

லென்ஸ் விஷயத்துல எல்லாரும் 600 தூக்கிட்டு வராங்க. ரோட்ட விட்டு இறங்குற ரிசர்வ்ல மிருகம் சில சமயம் பத்து மீட்டர்ல நிக்கும், அப்போ 600ல மூக்கு மட்டும்தான் விழும். 100-400 எம்எம் லென்ஸ் ஒரு கேமரா பாடில, 70-200 எஃப் 2.8 இன்னொரு பாடில, இது போதும். புழுதி பயங்கரமா இருக்கும், அதனால ஓடுற வண்டில லென்ஸ் மாத்தாம ரெண்டு பாடி வச்சுக்கிறது நல்லது, வாடகைக்கு கூட எடுக்கலாம். பீன் பேக் (லென்ஸ தாங்குற சின்ன மூட்டை) க்ரூகர்ல கார் ஜன்னல்ல வைக்க சூப்பர், இந்த வண்டில ஜன்னலே கிடையாது, மோனோபாட் (ஒத்தைக்கால் ஸ்டாண்ட்) எடுத்துக்குங்க. சிறுத்தை மருலா மரத்து மேல இம்பாலாவ தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்கும், கழுதைப்புலிகிட்ட இருந்து காப்பாத்தத்தான் அப்படி தூக்குது, பின்னாடி வெள்ளை வானம், கேமரா ஆட்டோல விட்டா சிறுத்தை கருப்பு நிழலாத்தான் வரும், எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப் ஒன்றரை ஸ்டாப் கூட்டி வெளிச்சமா எடுங்க, வானம் வெளுத்துப் போனா போகட்டும்.

ராத்திரி ட்ரைவ்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ட்ராக்கர் கைல ஸ்பாட்லைட் இருக்கும், சிங்கம் சிறுத்தை மேல அடிப்பாங்க, மான் மேல அடிக்க மாட்டாங்க, ஏன்னா மானுக்கு கண்ணு கூசிடும், அந்த நேரம் பாத்து வேட்டையாடுற மிருகத்துக்கு சாதகமாயிடும். நீங்க இருக்கிற வண்டி லைட்டுல எடுத்தா தட்டையா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கும். எதிர்ல பக்கவாட்டுல இன்னொரு வண்டி லைட் அடிக்கும்போது பாருங்க, பிடரி முடி ஓரத்துல வெளிச்சக் கோடு விழும், காத்துல இருக்கிற தூசி, மூச்சு விடுற ஆவி எல்லாம் தெரியும். ஐஎஸ்ஓ 6400, 1/125, எஃப் 2.8, ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்து வெளிச்சத்த மட்டும் கேமரா அளக்கிறது), அவ்ளோதான். கைடுகிட்ட முன்னாடியே சொல்லி வச்சா ரேடியோல பேசி அதுக்கு ஏத்த மாதிரி நிறுத்துவார்.

இதெல்லாம் படிச்சுட்டு அங்க இஷ்டத்துக்கு ஓட்டுவாங்கன்னு நினைக்காதீங்க. ஒரு மிருகத்துகிட்ட பொதுவா மூணு வண்டிக்கு மேல விட மாட்டாங்க, மத்தவங்க தள்ளி நின்னு வரிசைல காத்திருக்கணும். மழை பெஞ்சு நிலம் ஈரமா இருந்தா ரோட்ட விட்டு இறங்கறது கிடையாது, அந்த டயர் தடம் வருஷக்கணக்குல மறையாது. குட்டி ரொம்ப சின்னதா இருந்தா பக்கத்துலயே போக மாட்டாங்க. "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க"ன்னு கைட நச்சரிக்கிற ஆளுங்கள பாத்தா எனக்கு எரிச்சலா வரும், நல்ல கைடு முடியாதுன்னு சொல்லிடுவார், டிப்ஸ் மேல கண்ணா இருக்கிறவர் போயிடுவார்.

க்ரூகர் பெட்டர்னு சொன்னேன்ல, அதுக்கு வரேன். ஸ்குகுசா கேம்ப் பக்கத்துல லேக் பேனிக்னு ஒரு மறைவிடம் இருக்கு, தண்ணிக்கு ஒட்டியே உக்காந்து மீன்கொத்தி, இலைக்கோழி, நீர்யானை எல்லாம் கிட்டத்தட்ட கண்ணு மட்டத்துல எடுக்கலாம், காலைல முழுக்க உக்காந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க. லோயர் சாபி கேம்ப்ப ஒட்டி சன்செட் டேம், கார்ல இருந்தே முதலை, நாரை. ஸ்குகுசால இருந்து லோயர் சாபி போற எச்4-1 ரோடு ஆத்தங்கரைய ஒட்டியே போகும், காலைல முதல் ஆளா கேட்ட விட்டு வெளிய போனீங்கன்னா ரோட்டு மேலயே சிறுத்தை கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. செலவும் பாருங்க, பேர் பெத்த ப்ரைவேட் லாட்ஜ்ல ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரி ஆயிரம் டாலருக்கு மேல சர்வசாதாரணம், அந்தக் காசுல க்ரூகர்ல வாடகைக் கார், ரூம், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து பல நாள் ஓட்டலாம்.

பட்ஜெட் நடுத்தரம்னா வடக்குல டிம்பாவதி, க்ளாசேரி, பலூலே இருக்கு, அங்கயும் க்ரூகரோட வேலி இல்ல, சாபி சாண்ட விட மலிவா இடம் கிடைக்கும். ஆனா அந்தப் பக்கம் கட்டணம் வாங்கிட்டு குறிப்பிட்ட அளவு வேட்டைக்கும் அனுமதி குடுக்கிறாங்க, அது உங்களுக்கு ஒத்துக்காதுன்னா முன்னாடியே தெரிஞ்சுக்கிறது நல்லது.

எந்த மாசம்னு கேட்டா எல்லாரும் ஜூன்ல இருந்து செப்டம்பர்னு சொல்வாங்க, புல் காஞ்சு மிருகம் சுலபமா தெரியும், அது உண்மைதான். ஆனா படம் பூரா ஒரே பழுப்பு நிறம், காலைல கூரையில்லாத வண்டில விரல் விறைச்சு ஷட்டர் அமுக்க முடியாது, கையுறை கட்டாயம். எனக்கு மே மாசம் பிடிக்கும், பச்சை கொஞ்சம் மிச்சம் இருக்கும், வானம் சுத்தமா இருக்கும். குட்டி இம்பாலா, வலசை வர்ற பறவை, இடி மேகம் வேணும்னா நவம்பர் கடைசி, டிசம்பர். மலேரியா பகுதி அது, மழைக்காலத்துல ரிஸ்க் ஜாஸ்தி, டாக்டர்கிட்ட மாத்திரை கேட்டுட்டு போங்க.

என் யோசனை, ரெண்டையும் சேர்த்துப் போடுங்க, முதல்ல க்ரூகர்ல சொந்தமா ஓட்டி பறவை யானை எல்லாம் எடுத்துட்டு, கடைசில மூணு ராத்திரி ப்ரைவேட். மூணுக்கு கம்மின்னா வேண்டாம், மழை ஒரு நாள தின்னுட்டா போச்சு. வரிசைய மாத்திட்டீங்கன்னா க்ரூகர்ல போய் ரோட்ட விட்டு இறங்க முடியலையேன்னு புலம்பிட்டே இருப்பீங்க.

இன்னும் ரெண்டு விஷயம். காண்டாமிருகம் எடுத்தா ஜிபிஎஸ் ஆஃப் பண்ணிட்டு எடுங்க, நெட்ல போடும்போது எந்த இடம்னு எழுதாதீங்க, கொம்புக்காக கொல்றவங்களும் அந்தப் படத்த பாக்கிறாங்க. அப்புறம் சென்னைல இருந்து அடிஸ் அபாபா, நைரோபி வழியா வந்து அங்க 12 மணி நேரத்துக்கு மேல தங்குனா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி சர்டிபிகேட் கேப்பாங்க, ட்ரான்சிட் நேரத்த பாத்து டிக்கெட் போடுங்க.