தொட்டிக்குள் இறங்க மாஸ்க் போதுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் என் தம்பி காண்ட்ரெக்ட் வேலை செய்கிறான். அடுத்த வாரம் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் சேறு அள்ள வேண்டுமாம். "மாஸ்க் தருகிறோம், பத்து நிமிட வேலைதான்" என்கிறார் மண்டோர் (மேஸ்திரி). அனுப்பலாமா?

பதில்: மாஸ்க்கை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். அது தூசியை வடிகட்டும், வடிகட்டிக் குப்பி வைத்ததாக இருந்தால் சில வாயுக்களைத் தடுக்கும். ஆக்சிஜன் தராது. வெளிக்காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. உள்ளே அது 19.5க்குக் கீழே போனால் இறங்கவே கூடாது.

அதைவிட மோசமானது ஹைட்ரஜன் சல்ஃபைட். கழிவு அழுகும்போது வருவது, காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். வாடை போய்விட்டது என்று ஆள் நிம்மதியாவது அந்த நேரத்தில்தான்.

"காலையில் வாயு மீட்டர் வைத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை" என்பார்கள். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சேற்றின் மேல் பாலாடை மாதிரி ஒரு படலம் கட்டியிருக்கும். மண்வெட்டி பட்டதும் அடைபட்ட வாயு குபுக்கென்று கிளம்பும். அதனால் மீட்டர் வேலை முடியும்வரை ஆளின் உடம்பிலேயே இருக்க வேண்டும், காற்றை உள்ளே செலுத்தும் புளோவரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் இறைக்க பெட்ரோல் பம்பைத் தொட்டிக்குள் இறக்குவதும் உண்டு. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடே ஆளைக் கொன்றுவிடும்.

தம்பி மண்டோரிடம் மூன்றைக் கேட்கட்டும்: தொட்டிக்குள் இறங்க எழுத்தில் பெர்மிட் எங்கே? இறங்குகிறவருக்கும் மேலே நிற்கிறவருக்கும் இந்த வேலைக்கான பயிற்சி அட்டை இருக்கிறதா? இடுப்பு பெல்ட் போதாது, முழு உடல் பெல்ட்டும் தூக்கும் கயிறும் தயாரா? இல்லையென்றால் இறங்க வேண்டாம். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள, மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் திருத்தச் சட்டப்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது.

அப்புறம் இன்னொன்று. இப்படிப்பட்ட இடங்களில் சாவு பல நேரங்களில் ஒன்றோடு நிற்பதில்லை. விழுந்தவனைத் தூக்கக் குதித்த கூட்டாளியும் போய்விடுகிறான். மேலே நிற்பவர் குதிக்காமல் கயிற்றை இழுக்க வேண்டும், 999க்கு அழைக்க வேண்டும். இதை தம்பிக்கு மட்டுமல்ல, அவன் கூட்டாளிகளுக்கும் சொல்லுங்கள்.