ஊரடங்கு நாட்களில் இன அநீதியைப் பற்றி உங்கள் சிறு பிள்ளைகளிடம் எப்படிப் பேசினீர்கள்?

2020இல் என் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. மார்ச் 20ஆம் திகதி கொரோனாவால் இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது திருகோணமலையில் என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சொல் புதிதாக இருக்கவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்காத ஊரடங்குதான் புதிதாக இருந்தது. பிள்ளைகளோ, ஆளில்லாத வீதியில் எங்கள் படலை வரை வந்து நின்ற புள்ளிமான்களைப் பார்த்து மகிழ்ந்திருந்தார்கள்.

நீங்கள் கேட்டது அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபுளொயிட் கொல்லப்பட்ட செய்தியைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்கினேன் என்பதை. அதற்கு முன்னர், ஏப்ரலில் எங்கள் வளவில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மாமனார் வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவுகளைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் போட்டுக் கேட்பார். நோயைப் பரப்புவதே முஸ்லிம்கள்தான் என்று அவற்றுள் சில கூறின. பெரியவரோடு ஏன் வாதம் என்று நான் பேசாமல் பரிமாறிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து என் மகன், மதிலுக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுச் சிறுவனிடம், “உங்கட ஆக்களாலதானாம் கொரோனா வந்தது” என்று சொல்வதை என் காதால் கேட்டேன். அந்தப் பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அன்றே நான் மதிலடிக்குப் போய் அவனுடைய தாயிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வெட்கத்தால் நாட்களைக் கடத்தினேன்.

மே 24ஆம் திகதி நோன்புப் பெருநாள். அன்றும் மறுநாளும் நாடு முழுவதும் ஊரடங்கு. பள்ளிவாசலுக்கும் போக முடியாத அந்தப் பெருநாளில், அந்தச் சிறுவனின் தாய் வழக்கம்போல் வட்டிலப்பம் என்ற இனிப்பை மதிலின் மேல் வைத்து என்னைக் கூப்பிட்டார். அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். “பிள்ளை தானாவே சொல்லியிருக்காது” என்று மட்டும் சொன்னார். அது எனக்குச் சொல்லப்பட்டது என்பது விளங்கியது.

மினியாபொலிஸ் நகரில் ஒரு பொலிஸ் அதிகாரி ஒன்பது நிமிடங்களுக்கு மேல் ஃபுளொயிட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் முழங்காலை ஊன்றியிருந்தது அதற்கு அடுத்த நாள். காணொளியை நான் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. ஆனால் அதை எடுத்த 17 வயதுப் பெண்ணோடு கடைக்கு வந்திருந்த ஒன்பது வயது உறவுச் சிறுமியும் அந்த இடத்தில் நின்று பார்த்தாள் என்பதைப் பின்னர் அறிந்தபோது, மறைத்து வைக்கும் வசதிகூட எல்லாத் தாய்மாருக்கும் கிடைப்பதில்லை என்று தோன்றியது. மகளிடம், அவருடைய நிறத்தைப் பார்த்துத்தான் பொலிஸார் அவரை அப்படி நடத்தினார்கள் என்று பலரும் கோபத்தில் வீதிக்கு இறங்கியிருக்கிறார்கள் என்றேன். “அவரும் வெயிலில விளையாடினவரோ?” என்று கேட்டாள். வெயிலில் நின்றால் கறுத்துப்போவாய் என்று அவளை நாள்தோறும் உள்ளே கூப்பிடுபவர் என் அம்மா, நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

இதற்குப் பின் தூரதேசத்துக் கதையாக அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையையும், 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து தமிழ் மாணவர்களையும் மனத்தில் சுமந்த ஊர் இது. எங்களுக்கு நடந்ததை நாங்கள் மறப்பதில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அந்த நினைவே, நாங்கள் ஒருவருக்கும் தீங்கு செய்ய மாட்டோம் என்ற நற்சான்றிதழாக வீட்டுக்குள் மாறிவிட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மாமனாரிடம், பிள்ளைகள் இருக்கும்போது அந்தக் குரல்பதிவுகளைப் போடவேண்டாம் என்று சொன்னேன். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இதைவிடக் கடினமாக இருந்தது அந்த ஆண்டின் இறுதி. கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை எரிக்கவே வேண்டும் என்று ஏப்ரலில் விதி வந்திருந்தது; புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அது மாறவில்லை. டிசம்பரில், பிறந்து 20 நாளேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்ட செய்தி வந்தது. நாங்கள் எங்கள் இறந்தவர்களை எரிப்பவர்கள் என்பதால், எரிப்பதில் என்ன குறை என்று மகளுக்கு விளங்கவில்லை. அம்மம்மாவின் உடலை எங்களிடம் தராமல், கிரியை எதுவும் செய்யவிடாமல், வேறு யாரோ தங்கள் முறைப்படி கொண்டுபோய் முடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். எட்டு வயதுக்கு அது அதிகமோ என்று அன்றிரவு எனக்கும் உறக்கம் வரவில்லை. மகனிடம் இதை எடுக்கவேயில்லை; அவனுக்கு மதிலடியில் தான் சொன்ன சொல்லே போதுமான பாடமாக இருந்தது.

அந்த விதி 2021 பெப்ரவரியில் நீக்கப்பட்டு, மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரரிடம் அதைப் பற்றி நான் கேட்டபோது, மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு மதிலடியில் நின்றாள். மகன் ஏற்கெனவே மதிலேறி அந்தப் பக்கம் போயிருந்தான்.