கழற்றி எடுக்கும் மர டொக்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கவார்த்தா ஏரிக்கரையில் வாங்கிய கொட்டேஜின் (விடுமுறை வீட்டின்) மர டொக்கை, அதாவது ஏரிக்குள் நீளும் படகுத்துறை மேடையை, குளிர்காலத்தில் எடுக்காமல் விட்டோம். வசந்தத்தில் ஒரு மூலை மேலே கிளம்பி, கால் குழாய்கள் வளைந்து நின்றன. புதிதாக 24 அடியில் செய்ய நினைக்கிறோம். எப்படிச் செய்வது? (வாசகர், ரொறன்ரோ)

பதில்: ஏரி உறையும்போது பனித்தகடு குழாயை இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு நீர்மட்டம் ஏறினால் தகடு மிதந்து எழும். குழாயையும் பிடுங்கிக்கொண்டு வரும். வசந்தத்தில் உடைந்த தகடுகளைக் காற்று தள்ளும்போது குழாய் வளையும். தடித்த குழாய் போட்டு இதைச் சமாளிக்க முடியாது. கழற்றத்தான் வேண்டும், ஆகவே எடையைப் பார்த்துச் செய்யுங்கள்.

4 அடிக்கு 8 அடியாக மூன்று துண்டுகள் போதும். ஒரு துண்டுக்கு நீளவாக்கில் நான்கு 2x6 அங்குலச் சட்டங்கள், முனைகளில் இரண்டு. மேலே 4 அடிப் பலகைகள் 17. ஐந்தரை அங்குலப் பலகைகளுக்கு இடையே கால் அங்குலம் விட்டால் கடைசிப் பலகையை ஒன்றரை அங்குலம் சீவ வேண்டிவரும். இடைவெளியைக் குறைக்காதீர்கள், அலைநீர் வடிய வழி வேண்டும். துருப்பிடிக்காத ஸ்குரூ 136 பிடிக்கும். சாதாரண இரும்பு சீடர் மரத்தில் கறுப்பாக ஒழுகும். உலர்ந்த சீடரில் துண்டு ஏறத்தாழ 50 கிலோ வரும். மருந்தேற்றிய ஈரமரத்தில் அது 90 கிலோவை நெருங்கும், அதை இருவர் தூக்குவது கடினம்.

முதல் துண்டு கரையில் கீலோடு நிற்கும். ஒவ்வொரு துண்டின் வெளிமுனைக்கும் இரண்டு கல்வனைஸ் குழாய்கள் கால்களாக, மொத்தம் ஆறு. டொக்கில் பொருத்திய உறைக்குள் குழாயை நுழைத்து, போல்ட்டால் இறுக்க வேண்டும். சேற்றுத் தரையானால் குழாயின் அடித்தட்டை ஒரு அடிச் சதுரமாக வையுங்கள். துண்டுகளை ஊசி போட்ட கீலால் இணைத்தால் ஊசியை உருவி, வெளித்துண்டிலிருந்து கழற்றி வரலாம். ஒக்டோபர் நன்றியறிதல் நாள் வார இறுதிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு தண்ணீரில் நிற்கவே முடியாது. ஏரி ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியைச் சேர்ந்ததென்றால், கட்டுமுன் அதை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடாவிடம் அனுமதி கேளுங்கள்.

கேள்வி: டொக்கின் கால் குழாய், அதைப் பிடிக்கும் உறைக்குள் இறுகிவிட்டது. மரத்துக்கு எண்ணெய் பூசலாமா?

பதில்: போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் குழாயில் பிசிறு எழும்பி உறையில் சிக்கும். போல்ட்டைத் தளர்த்தி, குழாயை ரெஞ்சால் முதலில் சுழற்றுங்கள், பிறகு இழுங்கள். பிசிறை அரம் போட்டு எடுங்கள். கிரீஸ் போல்ட் மரைக்கு மட்டும். குழாயில் பூசினால் டொக் வழுக்கி இறங்கும். சீடருக்கு எண்ணெய் கட்டாயமில்லை, சாம்பல் நிறமாவது இயல்பு. பூசுவதாயின் கரையில் வைத்துப் பூசி, நன்றாக உலர்ந்த பிறகே ஏரியில் இறக்குங்கள்.