ஜாஸ் சோதனைக்கு வந்தால்: பினாங்கிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

பிறைத் தொழிற்பேட்டையில் கழிவு மேற்பார்வை பார்த்தவன் என்பதால், மலேசியச் சுற்றுச்சூழல் துறையான ஜாஸ் நடத்தும் சோதனை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். முடிந்த வரை சொல்கிறேன்.

புக்கிட் மின்யாக் தம்பி: அண்ணே, சொல்லிவிட்டுத்தான் வருவார்களா? முதலில் எதைப் பார்ப்பார்கள்?

சொல்லிவிட்டு வர வேண்டிய கட்டாயம் இல்லை தம்பி. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி உள்ளே வரலாம், பதிவேடு கேட்கலாம், மாதிரி எடுக்கலாம். தடுத்தால் அதுவே தனிக் குற்றம். ஆகவே கேட்டில் நிற்க வைத்துவிட்டு மேனேஜரைத் தேடும் பழக்கத்தை விடுங்கள்.

கெட்டிக்கார அதிகாரி நேராகக் கழிவுக் கிடங்குக்குப் போவார். பீப்பாய் மேல் லேபல் இருக்கிறதா, கழிவு முதலில் உண்டான தேதி எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார். 2005 விதிப்படி அட்டவணைக் கழிவை, அதாவது அந்த விதியின் பட்டியலில் உள்ள ஆபத்தான கழிவை, 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, 20 டன்னையும் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வைக்க எழுத்தில் அனுமதி வேண்டும். அப்புறம் பீப்பாய்களை எண்ணி, இருப்புக் கணக்கோடு ஒப்பிடுவார். உற்பத்தி ஏறியிருக்கிறது, கழிவு மட்டும் குறைந்திருக்கிறது என்றால் அடுத்த கேள்வி அங்கேதான் வரும்: மிச்சம் எங்கே போனது? பெரும்பாலும் பின்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மண்ணில்தான்.

நிபோங் திபால் அக்கா: செம்பனை ஆலையிலிருந்து கறுப்புத் தண்ணீரைத் தோட்டத்து வாய்க்காலில் விடுகிறார்கள். இதற்கு அனுமதி உண்டா?

இருக்கலாம் அக்கா. பலர் நினைப்பது போல நிலத்தில் விடுவதே குற்றம் இல்லை. செம்பனை ஆலைகளுக்கு 1977-லிருந்தே தனி விதி இருக்கிறது. கழிவுநீரை ஆற்றில் விடுவதா, நிலத்தில் விடுவதா என்று லைசென்ஸிலேயே எழுதியிருப்பார்கள். ஆலையிலிருந்து வெளியே வரும் சுத்திகரிக்காத கழிவுநீரின் பி.ஓ.டி., அதாவது அழுகும்போது அது உறிஞ்சும் ஆக்ஸிஜன், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். குளங்களில் தேக்கி, அதை 5,000-க்குள் இறக்கிய பிறகுதான் நிலத்தில் விடலாம். ஆற்றுக்கு என்றால் 100, சில இடங்களில் 20.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. கன மழைக்குப் பிறகு அந்த வாய்க்கால் நிரம்பி வழிந்து அலூருக்கு, அதாவது ஆற்றில் கலக்கும் ஓடைக்குப் போகிறதா? போனால் அது நிலத்தில் விட்டதாகாது, ஆற்றில் விட்டதாகிவிடும். 5,000-க்கும் 100-க்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சோதனை வறண்ட நாளிலேயே நடந்தால் இது கண்ணில் படாது. மழைக்காலத்தில் அதிகாரிகள் இன்னும் அதிகமாக வர வேண்டும் என்பது என் நெடுநாள் குறை.

பாயான் லெப்பாஸ் தங்கை: கழிவை லோரிக்காரரிடம் கொடுத்துவிட்டோம். அதன் பிறகும் எங்கள் பொறுப்பா?

ஆமாம்மா. லைசென்ஸ் உள்ள லோரியில்தான் ஏற்ற வேண்டும், அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே போய்ச் சேர்ந்ததற்கான பதிவு உங்கள் கையில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக் கணக்கைப் பத்திரமாக வைத்திருங்கள். மலிவாக ஏற்றுகிறேன் என்று வருகிறவரைக் கண்டால் பயப்படுங்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகளை மூடினார்கள். அதற்குப் பிறகுதான் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2024 திருத்தத்துக்குப் பின் இத்தகைய கழிவைக் கண்ட இடத்தில் கொட்டினால் ஒரு கோடி ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு.

இன்னொருவர்: எண்ணெய் துடைத்த துணியைச் சாதாரணக் குப்பையில் போடலாமா?

கூடாது. அதுவும் அட்டவணைக் கழிவுதான், குறியீடு எஸ்.டபிள்யூ. 410. சின்ன வொர்க்‌ஷாப்புகள் அதிகம் மாட்டுவது இதில்தான்.

பட்டர்வொர்த் ஐயா: பின்நிலத்தில் இரவில் எதையோ கொட்டுகிறார்கள். பாட்டிலில் பிடித்துக் கொடுக்கட்டுமா?

வேண்டாம் ஐயா. கையில் படுவது ஆபத்து. நீங்கள் பிடித்த பாட்டில் வழக்கிலும் நிற்காது. அதிகாரி எடுத்து முத்திரை வைத்து ஜாபாத்தான் கிமியா என்ற அரசு ரசாயனத் துறைக்கு அனுப்பும் மாதிரிதான் செல்லும். தேதி, நேரம், லோரி நம்பர், வேலிக்கு வெளியே நின்று எடுத்த படம், இவை போதும். வீட்டுக் குப்பை என்றால் நகராண்மைக்கு எழுதுங்கள், பீப்பாயோ ரசாயன வாடையோ என்றால் ஜாஸுக்கு. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த எண்ணைப் போட்டே மறுபடி எழுதுங்கள்.