லேசர் லெவல் வந்தாச்சு, டியூப் லெவலைத் தூக்கிப் போடலாமா? கைக்கருவிகள் பற்றிச் சில கேள்விகள்

ஸ்மார்ட் கருவிகள் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரைப் பக்கம் கொத்தனார் வேலை செய்கிறேன். பச்சை லேசர் லெவல் வாங்கச் சொல்லி மகன் நச்சரிக்கிறான். வாங்கினால் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவல், குமிழி வைத்த ரசமட்டம் எல்லாம் தேவையில்லையா?

வாங்குங்கள் அண்ணா, ஆனால் டியூப் லெவலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அறைக்குள் டைல்ஸ், சீலிங், கிச்சன் கப்போர்டு வேலைக்கு லேசருக்கு நிகர் கிடையாது. நாலு சுவரிலும் ஒரே கோடு விழும், டியூபின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடவேண்டாம். வெளியே வெயிலில் கதை வேறு. பச்சைக் கோடு சிவப்பைவிட நன்றாகத் தெரியும்தான், ஆனாலும் நடுப்பகலில் பில்லர் மட்டம் பார்க்கப் போனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு லேசர் கோட்டை உணர்ந்து காட்டும் ரிசீவர் தனியாக வாங்கவேண்டும்.

எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. லேசர் ஒருமுறை கீழே விழுந்து உள்ளே கொஞ்சம் கோணிப்போனாலும் அதே பளிச்சென்ற கோட்டைத்தான் காட்டும். தப்பான கோட்டுக்கும் சரியான கோட்டுக்கும் பார்வையில் வித்தியாசம் இருக்காது. இது தெரியாமல் ஒரு ஹால் முழுக்க டைல்ஸ் ஒட்டிப் பெயர்த்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால் மாதம் ஒருமுறை இப்படிச் சோதியுங்கள். 5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர். முதல் சுவரை ஒட்டி லேசரை வைத்து அதில் ஒரு குறி போடுங்கள், கருவியைத் திருப்பி எதிர்ச் சுவரில் ஒரு குறி. அப்புறம் லேசரை எதிர்ச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய், உயரத்தை ஏற்றி இறக்கி அங்கே போட்ட குறியிலேயே கோடு விழும்படி வைத்து, முதல் சுவர் பக்கம் திருப்புங்கள். பழைய குறிக்கும் இப்போது விழும் கோட்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கருவியைச் சரிபார்க்கக் கொடுத்தே ஆகவேண்டும். டியூப் லெவலுக்கு இந்த வேலையே இல்லை. உள்ளே காற்றுக்குமிழி நிற்காமலும், டியூப் பாதி வெயிலில் பாதி நிழலில் கிடக்காமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

போன் கேமராவிலேயே அளவெடுக்கும் ஆப் வந்துவிட்டதே, இனி டேப் எதற்கு?

சோபா அறைக்குள் நுழையுமா என்று பார்க்க ஆப் போதும். பிளைவுட் வெட்டுவதற்கு வேண்டவே வேண்டாம். நீள அளவுகளுக்கு, லேசரால் தூரம் அளக்கும் லேசர் மீட்டர் நல்லது, பொதுவாக 2 மி.மீ.க்குள் சரியாக இருக்கும். புளூடூத் இருக்கிற மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், ஒரு வீட்டு அளவைக் காகிதத்தில் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வயரைத் தொடாமலே கரண்ட் இருக்கிறதா என்று சொல்லும் டெஸ்டர் வாங்கினேன். பழைய பல்பு டெஸ்டரைவிட இது பாதுகாப்பா?

தொடாமல் பார்க்கலாம் என்ற அளவில் பாதுகாப்புதான் அக்கா. ஆனால் அது கத்தவில்லை என்பதற்காக வயரில் கை வைக்காதீர்கள், தயவுசெய்து. அந்தக் கருவி வயரைச் சுற்றியுள்ள மின்புலத்தைத்தான் உணர்கிறது. வயர் இரும்புக் குழாய்க்குள் இருந்தால் அதற்குத் தெரியாது, பேட்டரி தீர்ந்திருந்தாலும் சத்தம் வராது. சிலசமயம் பக்கத்து வயரில் ஓடும் கரண்ட்டுக்குச் செத்த வயரிலும் கத்தும். பல்பு டெஸ்டருக்குப் பேட்டரி வேண்டாம், அதன் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் உங்கள் உடம்பு வழியாக மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டுமே விடும், அதில்தான் பல்பு எரிகிறது. ஆனால் காய்ந்த பலகை மேல் ரப்பர் செருப்போடு நின்றால் மங்கலாக எரியும், பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே படாது.

எதை வைத்திருந்தாலும் வரிசை இதுதான்: கரண்ட் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிளக்கில் முதலில் வைத்துப் பாருங்கள், அப்புறம் வேலை செய்யவேண்டிய இடம், திரும்பவும் பழைய பிளக். எம்சிபியை (போர்டில் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டுச் செய்தாலும் இதை விடக்கூடாது. நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தால் பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரியும், குழம்பிவிடுவீர்கள். மல்டிமீட்டரும் அப்போது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்டைக் காட்டாது, கரண்டே இல்லை என்று ஏமாறுவோம். எர்த்தோடு சேர்த்து இரண்டையும் தனித்தனியாக அளந்தால்தான் உண்மை தெரியும். இதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதில் வெட்கமே வேண்டாம்.

கோவையில் சின்ன லேத் பட்டறை. அளவைத் திரையில் காட்டும் டிஜிட்டல் வெர்னியர் ஆஃப் பண்ணி வைத்தாலும் பேட்டரியைத் தின்கிறதே?

விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் ஆஃப் பட்டன் திரையை மட்டும்தான் அணைக்கும், உள்ளே சர்க்யூட் ஓடிக்கொண்டே இருக்கும். எல்ஆர்44 பட்டன் செல் போடும் இடத்தில் எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு செல் போட்டால் கூடுதல் நாள் வரும், பல நாள் தொடமாட்டீர்கள் என்றால் செல்லைக் கழற்றி வையுங்கள். கூலன்ட் பட்ட ஸ்கேலைத் துடைக்காமல் அளக்காதீர்கள், எண் தாவும்.

அப்புறம், திரையில் 0.01 என்று காட்டுவதால் அவ்வளவு துல்லியம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் 0.02, 0.03 மி.மீ. வரை பிசகலாம். பேரிங் உட்காரும் இடத்துக்கு மைக்ரோமீட்டர்தான். தினமும் நூற்றுக்கணக்கான பீஸ் அளந்து எழுதுகிற இடமாக இருந்தால் மட்டும், அளவை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வெர்னியர் உண்மையிலேயே காசுக்குத் தகும், கையால் எழுதும்போது 12.46 என்பது 12.64 ஆகிவிடும் தொல்லை போகும்.

பைக் மெக்கானிக் நான். டிஜிட்டல் டார்க் ரெஞ்ச் தேவையா?

தம்பி, போல்ட்டைச் சொன்ன அளவு விசைக்கு மட்டும் இறுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்ச் முதலில் தேவை, டிஜிட்டலா இல்லையா என்பது அப்புறம். அலுமினிய இன்ஜினில் ஆயில் டிரெய்ன் போல்ட்டைக் கைப்பழக்கத்தில் இறுக்கி மரை போன வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'கிளிக்' சத்தம் வரும் சாதா ரெஞ்ச் போதும். ஐஎஸ்ஓ 6789 தரப்படி 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் 4 சதவீதத்துக்குள் அது சரியாக இருக்கவேண்டும். வேலை முடிந்ததும் ஸ்கேலைக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள், ஸ்பிரிங் தளராது. இவ்வளவு டிகிரி திருப்பு என்று கோணக் கணக்கு சொல்லும் போல்ட்டுகள் அடிக்கடி வந்தால் மட்டும் டிஜிட்டல் வாங்குங்கள்.

தச்சு வேலைக்கு ஆப்போடு இணையும் கிரைண்டர், ட்ரில் எல்லாம் விளம்பரத்தில் வருகிறதே?

ஆப் வேண்டாம். ஐம்பது மெஷினை நாலு சைட்டுக்கு அனுப்பும் காண்ட்ராக்டருக்குத்தான் எது எங்கே இருக்கிறது என்று தேட அது உதவும். ஆனால் அதே மெஷின்களில் இரண்டு விஷயம் இருந்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள். ஒன்று, பிட்டோ பிளேடோ சிக்கி மெஷின் கையில் சுழன்றால் அந்தத் திடீர் அசைவை உணர்ந்து மோட்டாரை நிறுத்துவது. மணிக்கட்டு முறிவதற்குள் உங்கள் கையால் அந்த சுவிட்சை விடமுடியாது. இரண்டாவது, கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மெஷின் தானாக ஓடாமல் இருப்பது. சுவிட்ச் லாக்கில் இருக்க கரண்ட் போனது, மெஷினைத் தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனீர்கள், கரண்ட் வந்ததும் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

இவை இருந்தாலும் 4 இஞ்ச் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டாதீர்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று போகும் மெஷின் அது, ஆணியிலோ கணுவிலோ பல் மாட்டினால் உங்கள் பக்கம்தான் எகிறும். பிளேடை மூடும் தடுப்பை (கார்டு) கழற்றி வைத்திருந்தால் அடுத்த வேலையைத் தொடங்கும் முன்பே மாட்டிவிடுங்கள்.