நாய் கடித்ததே இல்லை, பிறகு எதற்கு இந்தப் பயம்?

உங்கள் நான்கு வயது மகனை எந்த நாயும் கடித்ததில்லை, துரத்தியதுகூட இல்லை. ஆனாலும் குரைப்புச் சத்தம் கேட்டாலே காலைக் கட்டிக்கொள்கிறான், இது பிறவிப் பயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. பி.எட். படிப்பில் கல்வி உளவியல் படித்த பள்ளி ஆசிரியன், அவ்வளவுதான். ஆனால் இதே கதை என் வீட்டில் நடந்தது.

முதலில் என் பயம். எட்டு வயதில், பால் வாங்கப் போன இடத்தில் கெண்டைக்காலில் ஒரு நாய் கடித்தது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள். கடி மறந்துவிட்டது, ஊசி மறக்கவில்லை. அதற்கப்புறம் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு இறுகும். பாடப்புத்தகத்தில் இதற்கு ‘ஆக்கநிலையிறுத்தல்’ என்று பெயர். இந்த வாயில் நுழையாத சொல்லை மனப்பாடம் செய்துதான் பரீட்சை எழுதினேன். ரஷ்யாவில் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த பாவ்லோவ் (1904-ல் நோபல் பரிசு அந்தச் செரிமான ஆய்வுக்குத்தான்) கவனித்ததும் இதைத்தான். தீனி வாய்க்கு வருவதற்கு முன்பே, அது வரப்போகிறது என்பதற்கான அடையாளம் தெரிந்ததுமே நாய்க்கு எச்சில் ஊறியது. எனக்கு எச்சிலுக்குப் பதிலாகப் பயம்.

சரி, என்னைக் கடித்தது. என் மகளை எது கடித்தது? அவளும் உங்கள் பையன் மாதிரியே அலறுவாள். ஒருநாள் மூன்று பேரும் கடைத்தெருவுக்கு நடந்துகொண்டிருந்தோம். தூரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது, அவள் இன்னும் அதைப் பார்க்கவில்லை. “அப்பா, கைய விடுப்பா, வலிக்குது” என்றாள். குனிந்து பார்த்தால் அவளுடைய விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அப்புறம்தான் அவள் தலையைத் திருப்பித் தேடினாள், நாயைக் கண்டாள், அழுதாள். “நாய் பயமுறுத்தல, நீங்கதான் பயமுறுத்துறீங்க” என்றார் மனைவி. மூன்று வருடமாக நானே பாடம் நடத்தியிருக்கிறேன்!

பார்த்தே கற்றுக்கொள்வது என்றதும் எல்லோரும் சொல்வது உளவியலாளர் பண்டூராவின் பொம்மைச் சோதனை: 1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அதேபோல் அடித்தார்கள். நம் விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமானது உளவியலாளர் சூசன் மினேகாவும் கூட்டாளிகளும் 1980-களில் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு. ஆய்வகத்திலேயே வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பயமில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு பதறுவதைப் பார்க்கவைத்தார்கள். பாம்பு ஒன்றும் செய்யாமலே பயம் ஒட்டிக்கொண்டது. ஆனால் பூவைக் கண்டு குரங்கு பதறுவதுபோல் ஒட்டிய காணொளியைக் காட்டியபோது பூ மீது பயம் வரவில்லை. ஆக, பிறவியா பழக்கமா என்ற உங்கள் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. சில பயங்களுக்கு மண் முன்பே பதமாக இருக்கிறது. விதை பெரும்பாலும் நம் முகத்திலிருந்தும் கையிலிருந்தும் விழுகிறது.

பயம் வந்தபின் ஏன் போகமாட்டேன் என்கிறது? நாயைக் கண்டதும் நாங்கள் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவோம். போனதும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், வினையே அதுதான். தொல்லை விலகுவதே பரிசாகி, விலகவைத்த செயலைப் பலப்படுத்துகிறது. ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்பது இது. தண்டனை என்று நினைத்துத் தப்பாக எழுதும் மாணவர்களுக்கு நான் கழித்த மதிப்பெண் கொஞ்சநஞ்சமல்ல. கழித்தவனே தெருவில் தினமும் அதைச் செய்துகொண்டிருந்தேன். அந்த நாய் அசையாமல் தூங்கும் நாய் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே தரவில்லை.

எனக்கு வழி காட்டியது 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிய, பீட்டர் என்ற சிறுவனின் உண்மைக் கதை. பீட்டருக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை, முயலென்றால் நடுக்கம். பயமில்லாத குழந்தைகள் முயலோடு விளையாடுவதைப் பார்க்கவைத்தார். நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவனுக்குக் காய்ச்சல் வந்து, மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்தது. கூட இருந்த செவிலியரும் பயந்துவிட்டார். பழைய பயம் அப்படியே திரும்பியது. ஜோன்ஸ் விடவில்லை. பீட்டருக்குப் பிடித்ததைத் தின்னக் கொடுத்து, கூண்டிலிருந்த முயலைச் சாப்பாட்டுக்கு இடைஞ்சலாகாத தூரத்தில் வைத்து, மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கவிட்டான் பீட்டர்.

நாங்கள் செய்ததும் இதுதான். பக்கத்துத் தெரு ஆச்சி வீட்டில் கிழட்டு நாய் ஒன்று உண்டு, தடுப்பூசி போட்டது. பெயர் மணி. (பாவ்லோவ் என்றாலே எல்லோரும் சொல்வது மணியோசை கேட்டு எச்சில் ஊறும் நாயைத்தான். அவரைப் பற்றிய பதிலில் மணி வராமலா!) முற்றத்தின் கோடியில் அது கட்டிக் கிடக்கும். இந்தக் கோடியில் திண்ணையில் மகள் முறுக்கு தின்பாள். ஆச்சியின் பேரன் அதன் காதைச் சொறிந்துகொண்டிருப்பான். அவள் பயந்து முறுக்கைக் கீழே வைத்துவிட்டால் அன்று அத்தோடு சரி, மறுநாள் ஒரு தூண் பின்னால் தள்ளி உட்காருவோம். “போய்த் தொடு” என்று ஒருநாளும் சொல்லவில்லை. மூன்று மாதம் ஆனது. நடுவில் ஒரு தெருநாய் சண்டையைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் பின்வாங்கினாள்.

தெருநாயிடம் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். கீறல் பட்டாலும் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போங்கள். இப்போது தொப்புள் ஊசி கிடையாது, கையில்தான்.

போன வாரம் மணிக்கு அவளே பிஸ்கட் வைத்தாள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.